மூன்றாவது தரமும் அதே வலப்பக்க அச்சு

வணக்கம் உறவுகளே. வெல்லாவெளிப் பக்கம் வயல் வட்டைக்கு உரம் ஏற்றிப் போவதற்காக என் டபுள் கெப் பிக்கப்பை இரண்டரை அங்குலம் உயர்த்தி, பெரிய டயரும் போட்டேன். எட்டு மாதத்தில் முன்பக்க வலது அச்சு (சில்லைச் சுழற்றும் தண்டு) மூன்று தரம் போய்விட்டது. இடது பக்கத்தில் ஒரு குறையும் இல்லை. அதுதான் மண்டையைக் குடைகிறது.

முதலில் அச்சின் மூட்டை மூடியிருக்கும் றப்பர் உறை மடிப்பில் கிழிந்து, சில்லின் உட்புறமெங்கும் கிறீஸ் தெறித்திருக்கும். பிறகு வளைவில் டக் டக் என்ற சத்தம். கடைசித் தரம் சேற்றில் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து மிதித்தேன் (அது என் அவசரப்புத்திதான்). அச்சின் சில்லுப் பக்கத்து வெளிமூட்டின் கிண்ணமே பிளந்து, உள்ளிருந்த இரண்டு குண்டுகள் சேற்றோடு கையில் வந்தன.

"மலிவுச் சாமான்" என்கிறார் மெக்கானிக். நான் நம்பவில்லை. உயர்த்தினால் மூட்டின் கோணம் கூடும், சரி. இரு பக்கமும்தானே கூட வேண்டும்? நேற்று நாடா பிடித்து அளந்தேன். சில்லின் நடுவிலிருந்து மட்காட் விளிம்பு வரை வலப்பக்கம் ஒன்றரை சென்ரிமீற்றர் அதிகம். ஸ்பிரிங்குகளைப் பக்கம் மாற்றிப் பூட்டிவிட்டார்களோ?

டிபரன்சலை (இரு பக்க அச்சுகளுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) சற்றுக் கீழிறக்கிக் கோணத்தைக் குறைத்தவர்கள் இருக்கிறீர்களா? கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இந்த வேலை தெரிந்த கராஜ் இருந்தாலும் சொல்லுங்கள். அறுவடைக்கு முன் வண்டி ஓட வேண்டும்.