சிப் பங்குகள்: வாங்குவதும் காத்துக்கொள்வதும்

கேள்வி: குறைக்கடத்திப் பங்குகளை மாதந்தோறும் சிறுகச் சிறுக வாங்கி வருகிறேன். 2022இல் கண்டதைப் போன்ற சரிவுக்கு எதிராகப் புட் ஆப்ஷன் (குறித்த காலத்துக்குள் குறித்த விலைக்குப் பங்கை விற்கும் உரிமை) வாங்கி வைப்பது சிறு முதலீட்டாளருக்குப் பொருந்துமா?

பதில் 1: அமெரிக்கச் சந்தையில் ஒரு ஒப்பந்தம் பொதுவாக 100 பங்குகளுக்கானது என்பதால், இருபது முப்பது பங்குகள் வைத்திருப்பவருக்கு அது தேவைக்கு மிஞ்சிய காப்பு, ஏற்ற இறக்கம் மிகுந்த துறை என்பதால் பிரீமியமும் (அந்த உரிமைக்குக் கொடுக்கும் விலை) அதிகம், காலாவதிக்குள் விலை இறங்காவிட்டால் அத்தொகை முழுவதும் போய்விடும்.

பதில் 2: நிறுவனங்களைப் பலவாகப் பிரித்து வாங்குவதும் முழுக் காப்பன்று. சிப்களை வடிவமைக்கும் என்விடியா, ஏஎம்டி இரண்டுமே அவற்றைத் தயாரித்துத் தரும் தைவானின் டிஎஸ்எம்சி நிறுவனத்தை நம்பியிருக்கின்றன. அதுவோ நெதர்லாந்தின் ஏஎஸ்எம்எல் நிறுவனம் மட்டுமே தயாரிக்கும் இயூவி இயந்திரங்களை (சிப்பில் மிக நுண்ணிய சுற்றுகளை ஒளியால் பதிப்பவை) நம்பியிருக்கிறது. ஆகவே, மொத்த முதலீட்டில் இத்துறைக்கு ஒதுக்கும் அளவைக் குறைவாக வைப்பதே மலிவான காப்பு என்பது என் உறுதியான கருத்து.

பதில் 3: நினைவகச் சிப் நிறுவனங்களில், லாபம் உச்சத்தில் இருக்கும்போதுதான் பி/இ விகிதம் (பங்கு விலையைப் பங்கொன்றின் லாபத்தால் வகுத்தது) குறைவாகத் தெரியும்; அடுத்து லாபம் சரியக்கூடும் என்பதால், அதை மலிவு என்று எண்ணி வாங்கிவிடாதீர்கள்.