எச்ஐவி மாத்திரை சாப்பிடுறவங்களுக்கு விரையில கேன்சர் வந்தா: அனுபவத்தை இங்க எழுதுங்க

வைகைக்கரை:
வணக்கம் உறவுகளே. நான் பாசிட்டிவ், ஏஆர்டி, அதாவது எச்ஐவிய அடக்குற மாத்திரை, எடுக்க ஆரம்பிச்சு பல வருஷம் ஆச்சு, வைரல் லோடு, அதாவது ரத்தத்துல இருக்கற வைரஸ் அளவு, எந்த டெஸ்ட்லயும் தெரியாத அளவுக்கு அடங்கி இருக்கு. இந்தக் கேன்சர் இளவயசு ஆம்பளைங்களுக்குத்தான் அதிகம் வருது, எச்ஐவி இருக்கவங்களுக்கு அதுல செமினோமாங்கற வகை கொஞ்சம் கூடுதலா வருதுன்னு எனக்கு வந்தப்புறம்தான் தெரிஞ்சுது.

வலது விதை கல்லு மாதிரி கெட்டியாச்சு, வலி கிடையாது. முதல்ல பாத்த டாக்டர் ஓதம், அதாவது விதைப்பையில நீர் கோத்திருக்குன்னாரு, அப்புறம் இன்ஃபெக்‌ஷன்னு ஆன்டிபயாட்டிக் கொடுத்தாரு, இன்னொருத்தர் உங்களுக்கு எச்ஐவி இருக்கே அப்ப இது டிபியாத்தான் இருக்கும்னு முடிச்சிட்டாரு. நமக்கு எது வந்தாலும் எச்ஐவி மேலயே பழியப் போட்டு மேல பாக்காம விட்டுடறாங்க, அதுதான் ஆபத்து. கடைசில ஏஆர்டி சென்டர் மேடம்தான் ஸ்கேன் எடுக்க அனுப்பி, ஏஎஃப்பி, பீட்டா எச்சிஜி, எல்டிஎச் மூணு ரத்த டெஸ்ட்டும் எழுதிக் கொடுத்தாங்க. பீட்டா எச்சிஜி கர்ப்பத்துக்குப் பாக்குற டெஸ்ட்டாச்சேன்னு லேப்ல இருந்த தம்பி சீட்டைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு, ஆனா இந்தக் கட்டியும் அதே ஹார்மோனைச் சுரக்கலாம்.

ஒண்ணு முக்கியமா கேட்டுக்கோங்க. விதைப்பையில ஊசி குத்தி சதை எடுத்துப் பாக்கலாம்னு யாராவது சொன்னா ஒத்துக்காதீங்க, கேன்சர் அந்த வழியா பரவ வாய்ப்பிருக்கு. தொடை இடுக்குல கீறி விதையை முழுசா எடுத்து அப்புறம்தான் டெஸ்ட்டுக்கு அனுப்புவாங்க. எனக்கு வயித்துக்குப் பின்னாடி நெறி கட்டியிருந்தது சிடி ஸ்கேன்ல தெரிஞ்சதால பிஇபி கீமோ போட்டாங்க, அதாவது பிளியோமைசின், எட்டோபோசைட், சிஸ்பிளாட்டின். முடி போச்சு, காதுல ரீங்காரம் இன்னும் இருக்கு. கேன்சர் போயிடுச்சு. இதே வழியில வந்தவங்க எழுதுங்க, புதுசா வர்ற தம்பிங்க படிக்கட்டும்.

ஏஆர்டி அக்கா:
நான் கவுன்சிலரா வேலை பாக்குறேன். எங்ககிட்ட வந்த ஒரு பையனுக்கு ஒரு பிரைவேட் ஆஸ்பத்திரியில ஆபரேஷன் தேதி கொடுத்துட்டு ரிப்போர்ட்ல எச்ஐவி பாத்ததும் தியேட்டர் காலி இல்ல, மெஷின் ரிப்பேருன்னு இழுத்துக்கிட்டே இருந்தாங்க, இந்தக் கேன்சர் வேகமா வளரும், தாமதம் பண்ற நோயே இல்ல இது. 2017 எச்ஐவி எய்ட்ஸ் சட்டம் 2018 செப்டம்பர் 10லேர்ந்து அமல்ல இருக்கு, எச்ஐவியக் காரணம் காட்டி சிகிச்சை மறுக்கறது அதுப்படி தப்பு, நம்ம சம்மதம் இல்லாம நிலைமைய வெளிய சொல்றதும் தப்பு. அந்தச் சட்டத்தச் சொல்லி எழுத்துல காரணம் கேட்டோம், அந்த வாரமே ஆபரேஷன் நடந்துச்சு. தம்பிங்களா, வாய் வார்த்தையா அலைக்கழிச்சா எழுதிக் குடுங்கன்னு கேளுங்க.

ஈஸ்ட்ஹாம் அண்ணன்:
நான் யாழ்ப்பாணத்து ஆள், லண்டனிலை இருக்கிறன். எனக்கு வரேக்கை ரிட்டோனாவிர் சேர்ந்த எச்ஐவி குளிசைதான் எடுத்துக்கொண்டிருந்தனான். மருந்துகளை ஈரல் உடைக்கிற வேலையை ரிட்டோனாவிர் தடுக்கும், அதாலை எட்டோபோசைட் உடம்பிலை அளவுக்கு மிஞ்சி நிண்டு வெள்ளை அணுக்கள் படுமோசமா விழலாம். எச்ஐவி டொக்டரும் கேன்சர் டொக்டரும் ஒரே மேசையிலை இருந்து கதைச்சு குளிசையை மாத்தினதாலைதான் முழு டோஸும் எனக்கு ஏறினது. ஏஇசட்டி எண்ட எச்ஐவி மருந்து எடுக்கிற ஆக்களும் கேட்டு மாத்திக்கொள்ளுங்கோ, அதுவும் கீமோவும் சேர்ந்தா ரத்தம் குறைஞ்சு போகும்.

இன்னொண்டு, எச்ஐவி எண்டு பயந்து டோஸைக் குறைக்க விடாதேங்கோ. இங்கை செல்சி அண்ட் வெஸ்ட்மின்ஸ்டர் ஆஸ்பத்திரி டொக்டர்மார் எச்ஐவி உள்ள, இல்லாத நோயாளியளை ஒப்பிட்டு 2004இலை எழுதினவை, கேன்சர் குணமாகிறதிலை பெரிய வித்தியாசம் இல்லை, கூடுதலாச் செத்தது எச்ஐவியாலைதான். 1996க்கு முந்தி, இப்பத்தைய கூட்டு மருந்து வராத காலத்திலை, என்ரை சிநேகிதர் சிலர் கீமோ முடிஞ்சு கேன்சரும் போய், பிறகு நிமோனியாவிலை போயிட்டினம். எனக்கு அதை நினைச்சா இப்பவும் மனம் பொறுக்காது. ஏஆர்டியை ஒரு நாளும் விடாதேங்கோ பிள்ளையள்.

கோவை சகோதரி:
என் வீட்டுக்காரருக்கு வர்ற வாரம் கீமோ ஆரம்பிக்கிறாங்க. அவர் பாசிட்டிவ், நான் நெகட்டிவ். இன்னும் குழந்தை இல்லைங்க. விந்து எடுத்து வைக்கலாம்னு கேட்டா ஒரு இடத்துல எச்ஐவி கேஸு எடுக்க மாட்டோம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டாங்க. வேற வழி இருக்குங்களா? அப்புறம் அவர் டிஎல்டி, அதாவது டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் மூணும் சேந்த எச்ஐவி மாத்திரைதான் எடுக்கறாரு, கிட்னிக்கு ஆகுமான்னு பயமா இருக்குதுங்க.

வைகைக்கரை:
தங்கச்சி, கீமோவுக்கு முன்னாடியே எடுத்து வைக்கறதுதான் நல்லது, எச்ஐவி சாம்பிளைத் தனி டேங்க்ல வைக்கிற இடங்கள் இருக்கு, ஆன்காலஜி டாக்டர்கிட்ட நாளைக்கே கேளுங்க, ஆரம்பிச்சப்புறம் கேட்டா பிரயோஜனம் இல்ல. கீமோ முடிஞ்சு விந்து திரும்ப உற்பத்தி ஆகுறவங்க நிறைய, ஆனா அதை நம்பி விட்டுடாதீங்க. வைரல் லோடு தெரியாத அளவுலயே தொடர்ந்து இருந்தா உடலுறவு மூலமா உங்களுக்குத் தொத்தாது, அந்தக் கவலை வேணாம்.

டிஎல்டில இருக்க டெனோஃபோவிரும் சிஸ்பிளாட்டினும் ரெண்டுமே கிட்னியத் தாக்கும். எனக்கு டெனோஃபோவிருக்குப் பதிலா அபாகாவிர்ங்கற எச்ஐவி மருந்தை மாத்திக் கொடுத்தாங்க. ஆனா ஹெபடைட்டிஸ் பி இருக்கான்னு பாக்காம டெனோஃபோவிரை நிறுத்தக் கூடாது, நிறுத்தினா கல்லீரல்ல அது கிளம்பிடும். டோலுடெக்ராவிர் இருந்தா கிட்னிக்குப் பாக்குற கிரியேட்டினின் டெஸ்ட் கொஞ்சம் கூடக் காட்டும், அது கிட்னி கெட்டதால இல்ல, கேன்சர் டாக்டருக்கு இது தெரியலேன்னா கீமோவையே தள்ளிப் போட்டுடுவாங்க, அதனால முன்கூட்டியே சொல்லிடுங்க.

சிஸ்பிளாட்டின் மெக்னீசியத்தையும் இறக்கிடும், அதுக்கு மாத்திரை கொடுத்தா டோலுடெக்ராவிரோட சேத்து முழுங்க வேணாம், உள்ள போற மருந்தே குறைஞ்சிடும். டோலுடெக்ராவிர் போட்டு 2 மணி நேரம் கழிச்சு மெக்னீசியம், இல்லேன்னா மெக்னீசியம் போட்டு 6 மணி நேரம் கழிச்சு டோலுடெக்ராவிர். வைரல் லோடு அடங்கியிருந்தாலும் கீமோல சிடி4, அதாவது எதிர்ப்பு சக்தி அணுக்கள், சரசரன்னு இறங்கும், நிமோனியா மாதிரி தொத்து வராம இருக்க செப்ட்ரான் கொடுப்பாங்க, வேணாம்னு சொல்லாம சாப்பிடச் சொல்லுங்க. காய்ச்சல் வந்தா ராத்திரின்னு பாக்காம ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. விந்து விஷயம் என்னாச்சுன்னு இங்க வந்து சொல்லும்மா, இடம் கிடைக்கலேன்னா ஏஆர்டி அக்காகிட்ட கேட்டுப் பாப்போம்.