வீட்டிலேயே டியூப் பெண்டர் செஞ்சவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

கோயம்புத்தூர்க்காரன்:
டியூபை வளைக்கிற பெண்டர்னு பேச்செடுத்தாலே "எத்தனை டன் ஜாக்கி?"ன்னுதான் எல்லாரும் கேக்கறாங்க. ஒரு இஞ்ச் எம்.எஸ். (சாதா இரும்பு) டியூப், 2 மி.மீ. கனம்னா, ஒன்றரை மீட்டர் கைப்பிடி போட்டு ஒரே ஆள் இழுத்து வளைச்சுடலாம். ஜாக்கியே வேண்டாம். டியூப் சப்பையாகறதும் மடங்கறதும் டை, அதாவது டியூப் உக்காந்து வளையற பள்ளம் வெட்டின அச்சு, சரியில்லாததால.

கடையில விக்கிற ஹைட்ராலிக் பெண்டரோட டை பெரும்பாலும் தண்ணி பைப்புக்கானது. ஒரு இஞ்ச் பைப்போட வெளிவிட்டம் 33 மி.மீ.க்கும் மேல, ஒரு இஞ்ச் டியூபுக்கு வெறும் 25.4. அந்தப் பள்ளத்துல டியூப் உக்காந்தா, அண்ணன் சட்டையைத் தம்பி போட்ட மாதிரி ரெண்டு பக்கமும் தொளதொளன்னு இருக்கும். அமுக்கினா சப்பையாகாம என்ன பண்ணும்?

நான் பழைய இரும்புக் கடையில கனமான ரவுண்டு துண்டு ஒண்ணு எடை போட்டு வாங்கி, லேத் பட்டறையில கொடுத்தேன். வெளிவிட்டம் 150 மி.மீ., சுத்தி அரைவட்டப் பள்ளம், பள்ளத்தோட ஆரம் 12.7. "பள்ளம் கொஞ்சம் லூசா இருந்தா பரவாயில்லையா?"ன்னு டர்னர் கேட்டார். பரவாயில்லைன்னு சொல்லிடாதீங்க. டியூபை வெச்சா பக்கவாட்டுல ஆடவே கூடாது. இந்த டையில வளைவோட நடு ஆரம் 75, அதாவது டியூப் விட்டத்துல மூணு மடங்கு. டியூப் சப்பையாகாம உள்ளேயிருந்து தாங்கற மேண்ட்ரல் இல்லாம இதைவிடச் சின்ன வளைவுக்கு நான் ஆசைப்பட மாட்டேன்.

கைப்பிடியோட சேர்ந்து எதிர்ப்பக்கத்துல இருந்து டியூபை டையோட அமுக்கிக்கிட்டு வர்றதுக்கு பேரிங் ரோலர் போடறவங்க உண்டு. எனக்கு அதுல உடன்பாடு இல்லை. ரோலர் ஒரே இடத்துல அழுத்தி டியூபுல சொட்டை விழ வைக்கும். அதே பள்ளம் வெட்டின நீளக் கட்டை, கொஞ்சம் கிரீஸ், போதும்.

டியூபோட வெல்டிங் கோடு பக்கவாட்டுல வரணும். வெளிவளைவுல வந்தா இழுபட்டுப் பிரியலாம். 90 டிகிரி வேணும்னா சில டிகிரி கூடவே இழுங்க, கையை விட்டதும் திரும்பி வரும்.

திருச்சி வெல்டர்:
நம்ம பட்டறையில இன்னும் மணல்தான் அண்ணே. உள்ளே மணலைத் தட்டித் தட்டி நிரப்பி, ரெண்டு முனையும் அடைச்சு, சூடு பண்ணி வளைப்போம். என்னைக்கோ ஒரு வளைவுன்னா டைக்கு ஏன் செலவு?

கோயம்புத்தூர்க்காரன்:
நல்லா வரும் தம்பி, ஆனா மணலை வறுத்துட்டுப் போடணும். ஈரம் இருந்தா ஆவி அழுத்தத்துல அடைப்பு குண்டு கணக்கா பறக்கும். ஜி.ஐ. பைப்பை (துத்தநாகம் பூசினது) மட்டும் சூடு காட்டவே காட்டாதீங்க. துத்தநாகப் புகையை மூச்சுல இழுத்தா ராத்திரி குளிர் காய்ச்சல் நிச்சயம்.

டியூபை எவ்வளவு நீளம் வெட்டணும்னு கேட்டவருக்கு: என் டையில 90 டிகிரி வளைவு சாப்பிடற நீளம் 118 மி.மீ. வெட்டறதுக்கு முன்னாடியே அதைக் கணக்குல சேருங்க.