புளிய மரக் கட்டையில் தட்டுக் காளான்: கனோடெர்மாவா, பெல்லினஸா?

செத்து நிற்கும் புளிய மரத்து அடிக்கட்டையில், தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் வளர்ந்தது. காம்பு இல்லை, 14 செ.மீ. அகலம், ஒட்டிய இடத்தில் 4 செ.மீ. தடிமன். மேலே பளபளப்பில்லாத பழுப்பு ஓடு, அதன்மேல் கோகோ பொடி தூவியது போலத் தூசி. அடிப்பக்கம் வெள்ளை, மில்லிமீட்டருக்கு 4, 5 துளைகள். நகத்தால் கீறினால் உடனே பழுப்புக் கோடு விழுகிறது.

கனோடெர்மா, பெல்லினஸ் இரண்டும் மரத்தில் வளரும் தட்டுக் காளான் பேரினங்கள். அந்தக் கீறலையும் தூசியையும் வைத்து கனோடெர்மா என்றே நினைக்கிறேன். பெல்லினஸில் அடிப்பக்கமே பழுப்பாக இருக்கும். பொட்டாசியம் ஹைட்ராக்சைடு சொட்டு விட்டதில் சதை கறுத்தது, ஆனால் இரண்டுமே கறுக்கும் என்பதால் அதை நம்ப முடியாது.

கனோடெர்மாவிலேயே அப்ளானேட்டம் இனமா, ஆஸ்திரேல் இனமா என்பதில்தான் குழப்பம். வெட்டிப் பார்த்ததில் ஓடு தடிப்பு, சதையில் வெள்ளைத் திட்டு எதுவுமில்லை; இவை ஆஸ்திரேல் பக்கம் சாய்கின்றன. நுண்ணோக்கி வைத்திருப்பவர்கள் வித்து நீளம் அளந்து சொல்ல முடியுமா? மேலே படிந்த தூசி வித்துகள்தான், அதையே காகிதப் பொட்டலத்தில் அனுப்புகிறேன். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூசணம் பிடித்துவிடும்.

இன்னொன்று: 20 அடியில் தென்னை நிற்கிறது. தென்னையைத் தாக்கும் தஞ்சாவூர் வாடல் நோயும் கனோடெர்மாவால் வருவதுதானே, கட்டையை வேரோடு தோண்டிவிடலாமா?