உப்பு மின்சாரமா, உவர்ச்சரிவு மின்சாரமா?

ஐயா, வணக்கம்.

ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும்போது எடுக்கும் மின்சாரத்துக்கு (ஆங்கிலத்தில் salinity gradient power) தமிழ்ப் பெயராக நீங்கள் சொன்ன ‘உப்பு மின்சாரம்’ வாயில் சுலபமாக நுழைகிறது. ஆனால் எங்கள் வேலூர்ப் பக்கம் எடுபடாது. ஆம்பூர், வாணியம்பாடியில் உப்பு என்றால் பச்சைத் தோலுக்குத் தடவுகிற உப்புதான் முதலில் நினைவுக்கு வரும். காட்பாடியில் இந்த மின்சாரத்துக்குக் கணினியில் மாதிரி (model) செய்யும் ஒரு மாணவரின் அப்பா, “உப்பை எரிக்கிறாங்களா?” என்றே கேட்டுவிட்டார். சுவரின் அடியில் வெள்ளையாகப் பொரிந்து நிற்பதை ‘உவர் பூத்திருக்கு’ என்கிறோமே, அந்த ‘உவர்’ போதும்.

அப்புறம், ‘gradient’ என்பதற்கு ‘வேறுபாடு’ என்று வைக்கலாமா என்பது. இங்கேதான் எனக்குச் சிக்கல்.

இந்த மின்சாரம் எடுக்க இரண்டு வழி. ஒன்று சவ்வூடு பரவல் வழி, வேதிப் பொறியாளர் சிட்னி லோப் 1970களில் சொன்னது. 2009இல் நார்வேயின் டோப்டேயில் ஸ்டாட்கிராஃப்ட் என்ற மின் நிறுவனம் இதற்குச் சோதனை நிலையம் திறந்தது. நன்னீர் சவ்வைத் தாண்டிக் கடல்நீர்ப் பக்கம் போகும். அங்கே ஏறும் அழுத்தம் டர்பைனைச் சுழற்றும். கடல்நீரின் சவ்வூடு அழுத்தம் சுமார் 27 பார், அதாவது 270 மீட்டர் உயரத் தண்ணீர். இரு பக்கச் சவ்வூடு அழுத்தத்தில் ஒன்றிலிருந்து மற்றதைக் கழிக்கிற கணக்கு இது, ‘வேறுபாடு’ பொருந்தும்.

இன்னொரு வழியில் நேர் அயனியை மட்டும் விடும் சவ்வு, எதிர் அயனியை மட்டும் விடும் சவ்வு என்று மாற்றி மாற்றி அடுக்குகிறார்கள். இதில் மின்னழுத்தம் வருவது இரு நீரின் உப்பளவு விகிதத்தின் மடக்கையிலிருந்து (logarithm). கடல்நீரில் லிட்டருக்கு 35 கிராம், ஆற்றில் அரை கிராம் என்று வையுங்கள்: ஒரு சவ்வுக்கு ஏறக்குறைய 109 மில்லிவோல்ட், சிறந்த நிலையில். ஆற்றுநீருக்குப் பதில் எங்கள் போர் தண்ணீர் மாதிரி 2 கிராம் உள்ளதை விட்டால் 74 ஆகிறது. வேறுபாடோ 34.5இலிருந்து 33 ஆகத்தான் குறைகிறது! அதற்காக உப்பே இல்லாத தண்ணீரும் ஆகாது, மின்தடை ஏறிவிடும்.

கழித்தலையும் வகுத்தலையும் ஒரே சொல் தாங்க வேண்டும். ‘சரிவு’ தாங்கும், மேடு, பள்ளம் என்று மட்டும்தான் அது சொல்கிறது. ஆகவே ‘உவர்ச்சரிவு மின்சாரம்’. (‘வாசி’ என்றால் வித்தியாசம்தானே என்று ‘உவர்வாசி’யையும் யோசித்தேன். ஊர் பேர் சொல்லிக் குடியிருப்பவர் மாதிரி இருந்தது, விட்டுவிட்டேன்.)

*

தம்பி,

சரிவு என்றால் தண்ணீர் கீழே போக வேண்டும். முதல் வழியில் உவர் மிகுந்த பக்கத்துக்கல்லவா ஏறுகிறது?

*

ஐயா, சரிவு உவருடையது, தண்ணீருடையது இல்லை. உவர் இறங்கப் பார்க்கிறது, தண்ணீர் எதிரே ஏறுகிறது. தண்ணீரின் கணக்கில் பார்த்தால் அதற்கும் அது இறக்கம்தான்.

*

சரி தம்பி, ‘உவர்ச்சரிவு’ இருக்கட்டும். ஆனால் முதல் வழியின் சமன்பாட்டில் கழித்தல் குறி வரும் இடத்தில் ‘உவர் வேறுபாடு’ என்றே எழுதச் சொல்லுங்கள்.