சாப்ட்பால் டீமுக்கு துட்டு சேக்கணும், பாளையங்கோட்டை காலேஜ் புள்ளைங்க, வழி சொல்லுங்க

பாளைக்காரி:
எல்லாருக்கும் வணக்கம். பாளையங்கோட்டைல ஒரு பெண்கள் காலேஜ்ல படிச்சவ நான், பி.டி. மேடம் கூப்பிட்டாங்கன்னு இப்ப சாயங்காலமா போய் ஜூனியர் புள்ளைங்களுக்கு சாப்ட்பால் (பேஸ்பால் மாதிரி ஒரு ஆட்டம்) பிராக்டிஸ் குடுக்கேன், சம்பளம்லாம் கெடையாது, ஒரு ஆசைதான். மொத்தம் 16 பேரு. பாதிப்பேரு நாங்குநேரி, களக்காடு, சேரன்மாதேவின்னு பஸ்ல வந்து போறவளுவ, அஞ்சரை பஸ்ஸ விட்டா வீட்ல ஏச்சு. டிசம்பர் கடைசில சென்னைல ஒரு டோர்னமெண்ட்டுக்கு கூப்பிட்டிருக்காங்க. யுனிவர்சிட்டி டீமா போனா செலவு அவங்க பாத்துப்பாங்க, இது காலேஜ் டீமா போறதால எல்லாம் நம்ம கைக்காசு.

டிக்கெட்டு சாப்பாடு கூட சமாளிச்சிரலாம், கிட்டுதான் கழுத்தப் பிடிக்குது. பீல்டிங்ல 9 பேரு நிக்கணும், எங்ககிட்ட உருப்படியா இருக்கது 6 கிளவ்ஸ். இன்னிங்ஸ் மாறும்போது எதிர் டீம் புள்ளைங்க கழட்டுறத வாங்கி மாட்டிட்டு எறங்குவோம், உள்ளூர்ல அவளுவளும் மூஞ்சி சுளிக்காம தருவாளுவ, சென்னைல போய் அப்டி கைநீட்ட முடியுமா. இதுல ஒருத்தி எடக்கைக்காரி. அவளுக்கு ஏத்த கிளவ் இல்ல, அதனால மத்தவளுவ மாதிரியே எடக்கைல மாட்டி பந்த பிடிச்சு, கிளவ்வ உதறிட்டு, அதே கைல எடுத்து எறியுதா, அதுக்குள்ள எதிர் டீம்காரி ஒருத்தி ஓடிப்போய் பேஸ்ல ஏறிருதா. பேட் பிடிக்கவளுக்குப் பின்னாடி நின்னு பந்து பிடிக்க கேட்சரோட மாஸ்க்ல பட்டை அந்துபோய் ரிப்பன் வச்சு கட்டிருக்கோம். பேருதான் சாப்ட், பந்து சுத்தளவு 12 இன்ச், மூஞ்சில பட்டா பல்லு தப்பாது.

எல்லாம் சேத்து ஒண்ணேகால் லட்சம் வேணும், கைல 31 ஆயிரம் இருக்கு. திருநெல்வேலி டவுண், வண்ணாரப்பேட்டைன்னு கடை கடையா ஏறியாச்சு. ஒரு அண்ணாச்சி காபிலாம் வாங்கிக் குடுத்து அரை மணிநேரம் பிரியமா பேசிட்டு கடைசில "சாப்ட்பால்னா என்னம்மா, ரப்பர் பந்து கிரிக்கெட்டா"ன்னு கேக்காரு. 500 ரூவா குடுத்தாரு, குறை சொல்லல. ஆனா எங்க ஊர் கபடி செட்டுக்கு ஒரே நாள்ல டீஷர்ட்டும் மொத பரிசும் ஸ்பான்சர் ஆகிருது. வேற என்ன பண்ணலாம்?

டவுண்மக்கா:
ரொம்ப யோசிக்காதிய யக்கா. 50 ரூவா சீட்டு அடிச்சு புள்ளைங்ககிட்ட ஆளுக்கு நூறு குடுங்க, மொத பரிசு மிக்ஸி, குலுக்கல் போட்டா ஒரே வாரத்துல முடிஞ்சிரும். இல்லன்னா ஒரு அல்வா ஸ்டால்.

தாமிரபரணித்தண்ணி:
திருநெல்வேலில அல்வா ஸ்டாலா 😂 கொல்லன் தெருவுல ஊசி விக்கப் போறியளோ. பனங்கெழங்குன்னாலும் ஒரு இது, அதுவும் பொங்கல ஒட்டித்தான் நல்லா வரும், இவங்களுக்கு டிசம்பர்லயே வேணும்.

பேரேடு:
குலுக்கல் சீட்ட தயவுசெஞ்சு தொடாதீங்கம்மா. தமிழ்நாட்டுல லாட்டரிக்கு 2003ல இருந்து தடை, துட்டு வாங்கிட்டு சீட்டு குடுத்து குலுக்குனா நல்ல காரியமா கெட்ட காரியமான்னு பாக்க மாட்டாங்க, வம்பு காலேஜ் பேருக்குத்தான் வரும், புள்ளைங்க கைல வேற சீட்டக் குடுத்து அனுப்பவா.

நான் பேங்க்ல இருந்து ரிடையர் ஆனவன், அதனால கணக்கு பத்தி கொஞ்சம் நீட்டி சொல்லுதேன், பொறுத்துக்கோங்க. மேடம் போன் நம்பருக்கோ உங்க போன் நம்பருக்கோ ஜிபேல வாங்காதிய. எங்க தெருவுல ஒரு தம்பி இப்டித்தான் வாலிபால் செட்டுக்கு அவன் நம்பர்லயே வாங்குனான், ஒத்த ரூவா எடுக்காத பய, ஆனா யாரு குடுத்தா எது சொந்த துட்டுன்னு அவனுக்கே பிரிக்கத் தெரியாம போய் கடைசில பேரு கெட்டுப்போச்சு. காலேஜ் கணக்கு, இல்ல பழைய மாணவிகள் சங்கத்துக்கு கணக்கு இருந்தா அதுல மட்டும் வாங்குங்க. அந்த சங்கத்துக்கோ டிரஸ்ட்டுக்கோ 80ஜி, அதாவது நன்கொடை குடுக்கவங்களுக்கு வருமான வரில கழிவு கெடைக்க அனுமதி, இருக்கான்னு கேளுங்க. இருந்தா ரசீது குடுக்கலாம், ஆனா ரொக்கமா 2000 ரூவாய்க்கு மேல குடுத்தா அந்தக் கழிவு கெடைக்காது, பொருளா வாங்கிக் குடுத்தாலும் கெடைக்காது, புது வரி முறைக்குப் போனவங்களுக்கும் கெடைக்காது. இத முன்னாடியே சொல்லிருங்க, பொறவு மார்ச்சுல போன் போட்டு ஏசுவாங்க.

பெரிய கம்பெனிங்க சமூக காரியத்துக்குன்னு ஒதுக்குற சி.எஸ்.ஆர். துட்டும் இருக்கு. கம்பெனி சட்டத்துல அதுக்கு போட்ட பட்டியல்ல ஒலிம்பிக் விளையாட்டுக்கு பயிற்சின்னு சேத்துருக்காங்க, சாப்ட்பால் 2028 லாஸ் ஏஞ்சல்ஸ்ல திரும்ப வருதுல்லா. ஆனா துட்ட வாங்குற டிரஸ்ட்டு சி.எஸ்.ஆர்-1 பதிவு வச்சிருக்கணும், கமிட்டி கூடணும், டிசம்பருக்குள்ள நடக்காது. அடுத்த வருசத்துக்கு இப்பவே மனு போட்டு வைங்க.

டவுண்மக்கா:
சரி அண்ணாச்சி, குலுக்கல வாபஸ் வாங்கிட்டேன். அப்ப கடைக்காரங்ககிட்ட ஒலிம்பிக்னு சொல்லியே கேக்கலாமே, 2008லயும் டோக்கியோலயும் ஜப்பான்காரிய அமெரிக்காவ தோக்கடிச்சு தங்கம் வாங்குன ஆட்டம்னு சொன்னா ஒரு கெத்தா இருக்கும்லா.

கோவில்பட்டிஸ்டிக்கு:
ஜப்பான்காரி தங்கம் வாங்குனா நம்ம அண்ணாச்சிக்கு என்ன வந்துச்சு தம்பி? எங்க கோவில்பட்டில ஹாக்கி செட்டுன்னு போய் நின்னா டீக்கடைல கூட ஏதாச்சும் தருவாங்க, ஏன்னா அவரும் சின்னதுல குச்சிய வெட்டி ஆடிருப்பாரு, இல்ல அவர் மச்சான் ஆடிருப்பாரு. கபடியும் அப்டித்தான். பாக்காத ஆட்டத்துக்கு யாரு குடுப்பா. மொதல்ல ஆடிக் காட்டுங்க தங்கச்சி.

ஒரு ஞாயித்துக்கிழமை காலைல, பெர்மிஷன் கெடைச்சா வ.உ.சி. மைதானம் இல்லன்னா காலேஜ் கிரவுண்டு, வாக்கிங் வாரவங்க இருக்க நேரமா பாத்து ஏழு மணிக்கு ஆரம்பிங்க. பேஸுக்கு பேஸு 60 அடிதான, எடம் பத்தும். சீனியரு ஜூனியருன்னு ரெண்டு செட்டா பிரிஞ்சு ஆடுங்க, ஏழு இன்னிங்ஸும் வேண்டாம், நாலு போதும், வெயில் ஏறிட்டா ஒருத்தரும் நிக்க மாட்டாங்க. முக்கியமானது மைக்கு. பிட்சர் 43 அடில இருந்து கைய கீழ சுத்தி எறியுறத ஒருத்தர் பக்கத்துல நின்னு சும்மா வெளக்கி சொல்லிட்டே இருக்கணும். பந்து வர்ற வேகத்தப் பாத்தா ரப்பர் பந்தான்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.

அப்புறம் கோயில் கொடைக்கு நன்கொடை வந்தா எப்டி மைக்ல வாசிக்கோம், அதே மாதிரி. "இன்னார் வகையில கிளவ் ஒண்ணு"ன்னு. மொத்தமா ஒண்ணேகால் லட்சம்னு கேட்டா பயந்துபோய் 500 குடுப்பாங்க, ஒரு கிளவ் இவ்ளோ, ஹெல்மெட் இவ்ளோன்னு போர்டுல எழுதி வச்சா எவ்ளோ பாக்கின்னு அவங்களே எண்ணுவாங்க. பக்கத்து கடைக்காரர் பேரு வாசிச்சிட்டா நம்மாளுக்கு கை சும்மா இருக்குமா 😄

பேரேடு:
கோவில்பட்டிக்காரர் சொல்லுதது சரி. ஒண்ணு மட்டும், போர்டுல கிளவ்னு எழுதுங்க, ஆனா துட்டா கணக்குல வாங்கி நீங்களே வாங்குங்க. ஆளாளுக்கு கடைல கெடைச்சத வாங்கிட்டு வந்தா எல்லாம் ஒரே சைஸா வந்து நிக்கும், ரசீதுக்கும் வழி இருக்காது.

தாமிரபரணித்தண்ணி:
அல்வாவ கிண்டல் பண்ணேன், ஆனா சென்னைல இருக்க உங்க பழைய செட்டுக்காரங்களுக்கு அது வேணும்லா? முன்கூட்டியே ஆர்டர், முன்கூட்டியே துட்டு. எப்டியும் அங்கதான ரயில் ஏறுதிய, கொண்டுபோய் குடுத்துருங்க, கூரியர் காசும் மிச்சம்.

பாளைக்காரி:
எல்லாருக்கும் நன்றி. பத்து நாளா பதில் போட முடியல. காலேஜ் கிரவுண்டுலயே ஆடிட்டோம், பி.டி. மேடந்தான் மைக்கு, அவங்களுக்கு இம்புட்டு பேச வரும்னு எங்களுக்கே தெரியாது. கூட்டம் ரொம்பன்னு சொல்ல முடியாது, ஒரு எம்பது பேரு இருக்கும், அதுல முப்பது பேரு புள்ளைங்க வீட்டு ஆளுங்க. களக்காட்டுல இருந்து ஒரு புள்ளயோட அப்பா, மக என்ன ஆடுதான்னே அன்னைக்குத்தான் மொதமொதல்ல பாத்தாராம், அவரே ஒரு கிளவ் பேரு எழுதுனாரு. 500 குடுத்த அண்ணாச்சியும் வந்தாரு! கேட்சர் மாஸ்க்கு ரிப்பனப் பாத்துட்டு முழு செட்டும் அவர் வகையிலன்னு வாசிக்க சொல்லிட்டாரு. சங்கத்துக்கு 80ஜி இருக்கு, பேரேடு சார் சொன்னத அப்டியே ரசீது புக்குல மேடம் எழுதி ஒட்டிட்டாங்க. அல்வா இதுவரைக்கும் 22 கிலோ ஆர்டர், யாரு தூக்கிட்டு ரயில் ஏறுததுன்னு இப்பவே சண்டை.

இன்னும் 18 ஆயிரம் பாக்கி. போர்டுல எடக்கைக்காரி கிளவ் மட்டும் யாரும் எடுக்கல, வலது கைல மாட்டுறது, வெளியூர்ல சொல்லி வரவழைக்கணும்னு கடைல சொல்லுதாங்க. இங்க யாராச்சும் அந்த ஒண்ண எடுக்கியளா?

டவுண்மக்கா:
நான் எடுத்துக்கிடுதேன் யக்கா. மைக்ல மட்டும் வாசிச்சிராதிய, வீட்ல மிக்ஸி கேட்டு நிக்காவ.