மறு: "இன்ஸ்டால் சைஸ்" தமிழ்ல என்ன? அடைப்பளவுன்னு சொல்லிப் பாக்கலாமா

எல்லாருக்கும் வணக்கம்,

ஒரு கேம் டிரைவ்ல எவ்ளோ இடம் எடுத்துக்குதுங்கற "இன்ஸ்டால் சைஸ்"க்கு தமிழ்ல என்ன சொல்லலாம்னு கேட்ட இந்த இழைய மூணு நாளா படிச்சிட்டு வரேன். நிறுவல் அளவு, வட்டு அளவு, வட்டுத்தடம், இடப்பிடிப்புன்னு நாலு சொல் வந்து நிக்குது, ஓட்டெடுப்புக்கு விட்டுடலாம்னு ரெண்டு பேர் எழுதியிருக்கீங்க. அதுக்கு முன்னாடி போன ஞாயித்துக்கிழமை நடந்தத சொல்லிடறேன், ஏன்னா எனக்கு சொல் கிடைச்சதே அங்கதான்.

அக்கா பையன் வந்திருந்தான், சேந்து ஆடலாம்னு கன்சோல போட்டா கேமுக்கு அப்டேட் வந்திருக்கு, 6 ஜிபி. டிரைவ்ல 40 ஜிபி காலியா கெடக்கு. சரின்னு அழுத்தினா "போதிய இடம் இல்லை"ன்னு வந்து நிக்குது. அவன் என்னைய பாக்குறான். "மாமா, 6 தானே கேக்குது, 40 இருக்கே?" நான் விளக்க வாய தொறந்தேன், என்கிட்ட சொல் இல்ல. சைஸ், ஸ்பேஸ், ஸ்டோரேஜ்னு உருட்டினேன், அவனுக்கு ஒண்ணும் பிடிபடல.

விஷயம் இதான். என்னோடது போன தலைமுறை கன்சோல், கேம் 90 ஜிபி. அதுல அப்டேட் வந்தா பழைய கோப்பு மேலயே எழுதாது, பழசையும் புதுசையும் கலந்து பக்கத்துலயே இன்னொரு பிரதி கட்டும், அது முழுசா முடிஞ்சப்புறந்தான் பழசை தூக்கிப் போடும். நடுவுல நின்னு போனாலும் பழைய கேம் பத்திரமா இருக்கும், அது நல்லதுதான், ஆனா அதுவரைக்கும் கிட்டத்தட்ட ரெண்டு கேமுக்கான இடம் வேணும். கடைசியில ரெண்டு பேரும் பட்டியல மேலயும் கீழயும் உருட்டி எத பலி குடுக்கறதுன்னு ரொம்ப நேரம் யோசிச்சு 70 ஜிபி கேம் ஒண்ண அழிச்சோம், அவன் பாதி முடிச்சு வச்சிருந்த கேம் அது, சேவ் கோப்பு தனியா இருக்கும்டான்னு ரெண்டு தடவ சொல்ல வேண்டியிருந்துச்சு. அப்புறம் "நகலெடுக்கிறது"ன்னு ஒரு பட்டை ஊந்து ஊந்து போச்சு, அத பாத்துட்டே உக்காந்திருந்தவன் கேட்டான், "அப்போ இந்த ஒரு கேம் மட்டும் எவ்ளோ எடத்த அடைச்சிட்டு இருக்கு மாமா?"

அடைச்சிட்டு இருக்கு. நாம எல்லாரும் அப்படித்தானே சொல்றோம். "பீரோ பாதி ரூம அடைச்சிடுச்சு"ன்னு சொல்ற அதே அடை. அதனால என் பரிந்துரை அடைப்பளவு.

மத்த சொல்லெல்லாம் ஏன் வேணாம்னா, முதல்ல வட்டு. இப்ப வர்ற கன்சோல்ல கேம சேமிக்கறது வட்டுலயே கெடையாது. 2020ல வந்த பிளேஸ்டேஷன் 5ம் எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், எஸ் ரெண்டும் எஸ்எஸ்டி, அதாவது சில்லுல சேமிக்கற டிரைவ், அதுக்குள்ள சுத்துற தட்டு எதுவும் இல்ல, இல்லாத வட்ட புதுச் சொல்லுக்குள்ள ஏன் கட்டி இழுக்கணும். வட்டுத்தடத்துல இன்னொரு சிக்கல், வன்வட்டுல (ஹார்ட் டிஸ்க்) வளையம் வளையமா இருக்கறதுக்கே தடம்னுதான் ரொம்ப நாளா எழுதிட்டு வரோம். இடப்பிடிப்பு பரவால்ல, ஆனா சீட்டு போட்டு வைக்கிறதுக்கும் இடம் பிடிக்கறதுன்னுதான் சொல்றோம், முன்கூட்டியே ஒதுக்கி வைக்கிற பொருள் வந்துடுது.

நிறுவல் அளவுதான் எல்லாருக்கும் பழகினது, அதுக்குத்தான் ஓட்டு விழும்னு தெரியும், ஆனா என் எதிர்ப்பும் அதுமேலதான். அது எந்த அளவு? இறக்கற கோப்போட அளவா, நிறுவினப்புறம் உக்காந்திருக்கற அளவா, நிறுவும்போது தேவைப்படற அளவா? மூணும் வேற வேற எண். இறங்கறது அமுக்கின (கம்ப்ரெஸ் பண்ணின) கோப்பா இருந்தா பிரிச்சப்புறம் பெருசாகும். அந்தப் பையன் மாட்டினது இந்த மூணையும் ஒரே சொல்லால சொன்னதாலதான்.

கொள்ளளவுன்னு ஒரு அருமையான சொல் ஏற்கனவே இருக்கு, அதோட பக்கத்துல வச்சுப் பாருங்க. பாத்திரம் கொள்ளும், பொருள் அடைக்கும். டிரைவுக்கு கொள்ளளவு, கேமுக்கு அடைப்பளவு. வந்த புதுசுல பிளேஸ்டேஷன் 5 கொள்ளளவு 825 ஜிபி, அதுல நமக்கு கிடைச்சது 667தான். சீரிஸ் எஸ்ல 512 போட்டு கைக்கு வந்தது 364. மிச்சத்த சிஸ்டமே அடைச்சுக்குது. இந்த வாக்கியம் எவ்வளவு சுலபமா வந்து விழுது பாருங்க, அதான் எனக்கு வேணும்.

ஏன் இவ்ளோ அடைக்குதுன்னு ஒருத்தர் கேட்டிருந்தார். பெரும்பாலும் படமும் ஒலியும். பக்கத்துக்கு 4096 புள்ளி இருக்கற சதுர டெக்ஸ்சர் (பொருள் மேல ஒட்டற படம்) ஒண்ணு அமுக்காம 64 எம்பி, தரம் கெடாம அமுக்கினா சுமார் 16 எம்பி, அதே படம் 2048 புள்ளியா இருந்தா இதுல கால்வாசிதான், அதாவது தெளிவ ஒரு படி ஏத்தினா அடைப்பளவு நாலு மடங்கு. ஒலிய அமுக்காம விட்டாலும் இதே கதைதான், 2014ல டைட்டன்ஃபால்ங்கற கேமோட கணினிப் பதிப்பு 48 ஜிபி, அதுல 35 வெறும் ஒலி. இன்னொண்ணு நகல். சுத்துற வட்டுல படிக்கற முனை அங்கயும் இங்கயும் ஓடினா நேரம் போகும்னு ஒரே தரவ பல இடத்துல திரும்பத் திரும்ப எழுதி வச்சாங்க, ஸ்பைடர்மேன் கேம்ல சில தரவு 400 தடவ இருந்துச்சுன்னு பிளேஸ்டேஷன் 5 வடிவமைச்ச மார்க் செர்னி 2020 மார்ச்சுல விளக்கினார். ஹெல்டைவர்ஸ் 2 கணினிப் பதிப்புல இந்த நகலையெல்லாம் எடுத்ததும் 154 ஜிபி 23க்கு வந்துடுச்சு. நூத்திமுப்பது ஜிபி வெறும் நகல்! அந்த இடத்துல எழுத வேண்டிய வாக்கியம் "அடைப்பளவைக் குறைத்தார்கள்", நிறுவல் அளவைக் குறைத்தார்கள்னு எழுதினா நிறுவற வேலை என்னமோ சுருங்கின மாதிரி இருக்கு.

மூணாவது எண்ணுக்கு, அதாவது நகலெடுக்க நடுவுல வேண்டிய காலி இடத்துக்கு, புழங்கிடம்னு சொல்லிப் பாக்கறேன். வீட்டுல சாமான் அடைச்சது போக ஆள் புழங்க இடம் வேணும்ல, அது. தற்காலிக இடம்னு வச்சா தற்காலிகக் கோப்போட குழம்பும்.

கருத்து சொல்லுங்க.

———

> அடைப்பளவு

தம்பி, வாதம் புரியுது, புழங்கிடம் ரொம்பப் பிடிச்சிருக்கு. ஆனா அடைப்புன்னதும் எனக்கு மாரடைப்பும் குழாய் அடைப்பும்தான் வருது. கொள்ளளவு மாதிரியே வினைப்பகுதியோட நேரா சேத்து அடையளவுன்னு வைக்கலாமே, சுருக்கமா அழகா இருக்கு.

இன்னொண்ணு. பிளேஸ்டேஷன் 5ல அதுக்குன்னே வந்த கேம யுஎஸ்பி டிரைவுக்கு மாத்தி வைக்கலாம், 2021 ஏப்ரல்ல இருந்து, ஆனா அங்கிருந்து ஆட முடியாது, திரும்ப உள்ள கொண்டு வந்தாத்தான் ஓடும். மொழிபெயர்ப்புல இதுக்கு வெளிச் சேமிப்பகம்னு போட்டிருக்கோம், படிக்கிறவங்க அங்கயே ஆடலாம்னு நினைச்சு ஏமாறறாங்க. உங்க வீட்டுக் கணக்குலயே போனா அது பரண் இல்லையா? வச்சுக்கலாம், புழங்க முடியாது, வேணும்னா இறக்கணும்.

———

ஐயா, பரண்! இத படிச்சதும் எந்திரிச்சு நின்னுட்டேன். ஏற்கனவே பதிவேற்று, பதிவிறக்குன்னு நம்மகிட்ட ஒரு சோடி இருக்கு, அதே அச்சுல பரணேற்று, பரணிறக்கு. விளக்கமே வேணாம், ஏத்தினா ஆட முடியாதுன்னு சொல்லே சொல்லிடுது. மறுபடி நெட்ல இருந்து இறக்கறதவிட பரணிறக்கறது பொதுவா வேகம்ங்கறதும் தானா புரியும், பொருள் வீட்டுக்குள்ளதானே இருக்கு.

அடையளவு பத்தி ராத்திரி பூரா யோசிச்சேன், மனசு ஒப்பல ஐயா. அடைன்னு தனியா நின்னா போய்ச்சேர்றது, பெறுறதுங்கற பொருள்தான் முன்னாடி வருது, இலக்கை அடை, வெற்றி அடை. அடையளவுன்னா எவ்ளோ சாதிச்சோம்ங்கற அளவு மாதிரி கேக்குது. "ப்பு" வந்தாத்தான் அடைக்கிற அடையாகுது. மாரடைப்பு ஞாபகம் வரும்தான், மறுக்கல, ஆனா பின்னாடி அளவு ஒட்டினதும் அந்தப் பொருள் விலகிடுதுன்னு நினைக்கிறேன், குழாய் அடைப்ப யாரும் ஜிபில அளக்கறதில்ல. நேத்து பையனுக்கு போன் போட்டு ஒண்ணும் விளக்காம "இந்தக் கேமோட அடைப்பளவு 90"ன்னு மட்டும் சொன்னேன், "ஓ, அவ்ளோ எடத்த அடைக்குதா"ன்னுதான் கேட்டான். அடையளவுன்னும் சொல்லிப் பாத்தேன், "அப்படின்னா?"ன்னான்.

வேற எதிர்ப்பு இல்லன்னா ஞாயித்துக்கிழமை விக்சனரிங்கற இணைய அகராதில அடைப்பளவு, புழங்கிடம், பரணேற்று, பரணிறக்கு நாலையும் ஏத்திடறேன். நாம மொழிபெயர்க்கற கேம் மேலாளர் மென்பொருள்ல, இடம் போதலன்னு வர்ற பிழைச்செய்தியையும் இப்படி மாத்தியிருக்கேன், சந்திப்பிழை இருந்தா மட்டும் பாத்துச் சொல்லுங்க:

"பதிவிறக்கம் 6 ஜிபி. அடைப்பளவு 90 ஜிபி. புழங்கிடம் 96 ஜிபி தேவை, 40 ஜிபி உள்ளது. எதையாவது பரணேற்றவும் அல்லது அழிக்கவும்."